பேஸ்மென்ட்டில் முதல் குளிர்காலம்: உள்ளேயும் நடுக்கம், வெளியேயும் நடுக்கம். வழி சொல்லுங்கள்

பொருநைக்கரை
டிசம்பர் 11, காலை 8.50

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் திருநெல்வேலியில் இருந்து டொராண்டோவுக்குப் படிக்க வந்தேன். ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் நானும் நண்பன் ஒருவனும் வாடகைக்கு இருக்கிறோம். வெயில் காலத்தில் பார்த்த அறை. அப்போது குளுகுளுவென்று இருந்தது, பிடித்துப்போய் உடனே முன்பணம் கொடுத்துவிட்டோம். இப்போது அதே அறையில் தூங்க முடியவில்லை. சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் படுக்கைப் பக்கம் வைத்தேன். 16, 17 காட்டுகிறது. தேங்காய் எண்ணெய் பாட்டில் அக்டோபரிலேயே உறைந்தது, இன்னும் இளகவில்லை. தெர்மோஸ்டாட் மாடியில் வீட்டு உரிமையாளர் பக்கம் இருக்கிறது. கூட்டி வைக்கச் சொன்னால், "மேலே எங்களுக்கு வேர்க்கிறது" என்கிறார்.

ஜன்னல் விளிம்பில் பேக்கிங் டேப் ஒட்டினேன். கதவுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன். பக்கத்தில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறையில் கூரையில் இருந்து தடித்த வெள்ளிக் குழாய் ஒன்று தொங்குகிறது. அதன் வாயில் இருந்து ஃப்ரிட்ஜைத் திறந்தது போலக் காற்று கொட்டியது. பழைய போர்வையை உள்ளே திணித்து டேப் சுற்றினேன். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் பரவாயில்லை.

வெளியே என் நிலை இது: வாரத்தில் மூன்று இரவு வேர்ஹவுஸில் பெட்டி தூக்கும் வேலை. காலை 6 மணிக்கு முடியும். பஸ்ஸுக்கு 20 நிமிடம் நிற்க வேண்டும். ஊரில் இருந்து கொண்டுவந்த பனியன், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, மேலே இங்கே 200 டாலருக்கு வாங்கிய ஜாக்கெட். இவ்வளவு போட்டும் முதுகு நடுங்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன.

எந்த ஹீட்டர் வாங்கலாம்? உடுப்பில் என்ன தப்பு செய்கிறேன்? இன்னொன்று, நான்கைந்து நாளாகத் தூங்கி எழுந்தால் தலை கனக்கிறது, குமட்டுகிறது. நண்பனுக்கும் அதே. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல. கஷாயம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன், தூங்கி எழுந்து பார்க்கிறேன்.

பருத்தித்துறையாள்
டிசம்பர் 11, காலை 9.35

தம்பி, நான் 1990இல் ரொறன்ரோ வந்தேன். முதல் குளிர்காலத்தில் ஒரு பேக்கரியில் வேலை. உள்ளே போறணைச் சூடு, வெளியே உறைபனி. உங்கள் முதுகு ஏன் நடுங்குகிறது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

பிழை ஜக்கெற்றில் இல்லை, பனியனில் இருக்கிறது. பெட்டி தூக்கும்போது வியர்வை முழுவதும் பருத்திப் பனியனில் ஊறிவிடும். பருத்தி ஈரத்தை விடாது. அந்த ஈரத் துணியை முதுகில் ஒட்டிக்கொண்டு நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். மேலே எத்தனை டொலர் ஜக்கெற் போட்டாலும் உள்ளே ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல ஒன்றும் இல்லை. இந்தக் குளிருக்கு அது ஆகாது.

தோலோடு ஒட்டி இருப்பது பொலியெஸ்டர் தேர்மல் அல்லது மெரினோ கம்பளி. அதற்கு மேலே ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஜக்கெற். நடு உடுப்பு தொளதொள என்று இருக்கலாம், அதில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடிக்கும். பெட்டி தூக்கப் போகும் முன் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் கழிவறைக்குப் போய்த் துண்டால் முதுகைத் துடைத்து, பையில் கொண்டுபோன உலர்ந்த மேல்சட்டையை மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். இரண்டு நிமிட வேலை. முப்பது வருடமாக என் கைப்பையில் ஒரு மாற்றுச் சட்டை இருக்கிறது.

தேர்மல் வாங்கப் பெரிய கடைக்குப் போகத் தேவையில்லை. பழைய உடுப்புக் கடைகளில் கம்பளிச் சாமான் மலிவாகக் கிடைக்கும்.

வின்னிபெக் வாசி
டிசம்பர் 11, காலை 10.20

அக்கா சொன்னது அத்தனையும் சரி. அடுத்தது காற்று. வானிலை அறிக்கையில் வெறும் டிகிரியைப் பார்க்காதீர்கள், விண்ட் சில் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 போலத்தான். அந்த எண் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்தான். எங்கள் ஊரில் ஜனவரியில் இது சாதாரணம். மைனஸ் 28 போன்ற குளிர் உங்களுக்கும் சில நாள் வரலாம்.

விரலுக்கு: ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கிளவுஸை விட, நான்கு விரலும் ஒரே பையில் இருக்கும் மிட்டன் சூடு. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். போன் பார்க்க வேண்டும் என்றால் உள்ளே மெல்லிய கிளவுஸ், மேலே மிட்டன்.

காலுக்கு: ஒரு சைஸ் பெரிய பூட்ஸ், ஒரே ஒரு கம்பளி சாக்ஸ். இரண்டு சாக்ஸ் திணித்தால் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். நம்மவர் பலரும் இதில்தான் தப்பு செய்கிறார்கள். பாதம் கான்கிரீட்டில் பட்டு நிற்கும்போது சூடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பஸ் நிறுத்தத்தில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு அதன் மேல் நின்று பாருங்கள்.

குரங்குக் குல்லா நல்ல சாமான், விடாதீர்கள். காது, தாடை, கழுத்து மூன்றையும் மூடுகிறது. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வார்கள், அது உண்மை இல்லை. உடம்புப் பரப்பில் தலையின் பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் போகும். ஆனால் காது நுனியும் மூக்கு நுனியும்தான் முதலில் உறையும், அதனால் மூட வேண்டும்.

பருத்தித்துறையாள்
டிசம்பர் 11, காலை 10.45

தம்பி வின்னிபெக், இரண்டு சொக்ஸ் போடுவது சப்பாத்தில் இடம் இருந்தால் பிழை இல்லை. உள்ளே மெல்லியது, வெளியே தடித்த கம்பளி. என் கால் கொப்புளம் இல்லாமல் இருப்பது அதனால்தான். இறுகக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கொங்குத் தறி
டிசம்பர் 11, காலை 11.30

ஹீட்டர் பற்றி நான் சொல்கிறேன், பேஸ்மென்ட்டில் நான்கு வருடம் இருந்தவன். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை வாங்குங்கள். சூடாக நேரம் எடுக்கும், ஆனால் அணைத்த பிறகும் சூடு நிற்கும், சத்தம் இல்லை. சுவர் ப்ளக்கில் நேராகச் சொருக வேண்டும். பவர் பாரிலோ எக்ஸ்டென்ஷன் ஒயரிலோ சொருகக் கூடாது, ஒயர் சூடாகி உருகும். சாதாரணமாக அறை லைன் 120 வோல்ட், 15 ஆம்ப், அதாவது மொத்தமே 1800 வாட். ஹீட்டர் மட்டும் 1500 எடுக்கும். அதே லைனில் கெட்டிலைப் போட்டால் பிரேக்கர் விழும். துணி, போர்வை, கட்டில் எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

ஆனால் ஹீட்டருக்கு முன்னால் காற்று எங்கே புகுகிறது என்று பாருங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, காற்றடிக்கிற நாளில் ஜன்னல் ஓரம், கதவு ஓரம், ப்ளக் பெட்டி, தரையும் சுவரும் சேரும் இடம் என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே வெடுக்கென்று வளைகிறதோ அங்கே ஓட்டை. ஜன்னலுக்கு பேக்கிங் டேப் பத்தாது. ஷ்ரிங்க் ஃபிலிம் என்று விற்கிறார்கள். சட்டத்தைச் சுற்றி இரட்டைப் பக்க டேப், அதன் மேல் ஃபிலிம், ஹேர் ட்ரையரால் சூடு காட்டினால் மத்தளத் தோல் மாதிரி இறுகும். கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே நிற்கும் காற்று கம்பளி மாதிரி வேலை செய்யும். படுக்கை அறை ஜன்னல் அவசரத்துக்கு வெளியேறும் வழியும்கூட. அதன் முன்னால் அலமாரி வைக்காதீர்கள், ஃபிலிமைக் கிழிக்க ஒரு கத்தரி பக்கத்தில் இருக்கட்டும்.

மெத்தை தரையிலா கிடக்கிறது? மாணவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கீழே கான்கிரீட். இரவு முழுக்க முதுகில் இருந்து சூடு இறங்கும், மெத்தை அடியில் ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். மரப்பலகைச் சட்டமாவது போட்டு ஒரு சாண் உயர்த்துங்கள், வெளிச்சுவரில் இருந்து ஒரு கை தள்ளிப் போடுங்கள்.

அடுப்படிக் குழாய்
டிசம்பர் 11, பகல் 12.50

சாப்பாட்டு இடைவேளையில் இப்போதுதான் படிக்கிறேன். 18 வருடமாக ஃபர்னஸும், எரிவாயுவில் சுடுதண்ணீர் போடும் டாங்கும் பழுது பார்க்கிற வேலை. ஹீட்டர், சாக்ஸ் எல்லாம் பிறகு பேசலாம்.

தம்பி பொருநைக்கரை, அந்த வெள்ளிக் குழாயில் இருக்கிற போர்வையை இந்த நிமிடமே பிடுங்குங்கள். இல்லை, அதைக்கூடச் செய்ய வேண்டாம். நண்பனையும் எழுப்பிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போங்கள். மாடியில் இருப்பவர்களையும் கதவைத் தட்டி வெளியே வரச் சொல்லுங்கள். வெளியே நின்று 911-க்குக் கூப்பிட்டு, கார்பன் மோனாக்சைடு சந்தேகம், தலைவலியும் குமட்டலும் இருக்கிறது என்று சொல்லுங்கள். தீயணைப்புப் படை மீட்டரோடு வரும்.

காரணம் சொல்கிறேன். எரிவாயு எரிய காற்று வேண்டும். அந்தக் குழாய் டாங்குக்கும் ஃபர்னஸுக்கும் மூச்சுக் குழாய். அதை அடைத்து, ஜன்னலையும் டேப் போட்டு அடைத்துவிட்டீர்கள். மேலே யாராவது சமையலறை எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனோ துணி உலர்த்தும் மெஷினோ போட்டால் அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்காவது இருந்து வந்தாக வேண்டும். வேறு வழி இல்லாதபோது புகைபோக்கி வழியாகவே கீழே இறங்கும். தண்ணீர் டாங்கின் புகை மேலே போகாமல் உங்கள் அறைக்குள் கவியும். அந்தப் புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே தலைவலி. குளிரால் அப்படி வராது.

இரவுப்பணி
டிசம்பர் 11, பகல் 12.58

நான் நர்ஸ். அண்ணன் சொல்வதை நூறு சதவீதம் வழிமொழிகிறேன். காய்ச்சல் இல்லாமல் தலைவலி, குமட்டல், சோர்வு, வெளியே போனால் தெளிவு, வீட்டுக்கு வந்தால் மறுபடியும். அது இந்த வாயுவின் கைவரிசை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம், அதற்கு இந்த வித்தியாசம் தெரியாது, 98 என்று நல்லபடியாகவே காட்டும். தூக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், தலைவலி எழுப்புவதற்குள் மயக்கம் வந்துவிடும்.

அவர் 8.50-க்குத் தூங்கப் போவதாக எழுதியிருக்கிறார். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

பருத்தித்துறையாள்
டிசம்பர் 11, பகல் 1.04

நான் அந்தக் குழாய் வசனத்தைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். நெஞ்சு பதறுகிறது. தம்பி, கண்டால் கெதியாக ஒரு சொல் எழுதுங்கள்.

செந்தூர் அலை
டிசம்பர் 11, பகல் 1.09

எனக்குத் தெரியும், ஒரே கல்லூரி. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறேன். வீடு தெரியும், இன்னொரு போனில் 911-க்கு விலாசம் சொல்லியாயிற்று.

செந்தூர் அலை
டிசம்பர் 11, பகல் 1.16

எடுத்துவிட்டான். இரண்டு பேரும் வெளியே நிற்கிறார்கள்.

பொருநைக்கரை
டிசம்பர் 12, காலை 7.15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

எத்தனையோ தடவை போன் அடித்த பிறகுதான் விழித்தேன். எழுந்து நின்றால் கால் துணி மாதிரித் துவண்டது. நண்பனை உலுக்கி எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினேன். மேலே உரிமையாளரின் அம்மாவும் ஒரு குழந்தையும் இருந்தார்கள், அவர்களும் வெளியே வந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் கீழே இறங்கி இரண்டாவது படியில் கால் வைத்ததும் அவர்கள் மீட்டர் கூவியது, அது எனக்கு வாசலில் கேட்டது. எரிவாயுவை மூடிவிட்டு, ஜன்னல்களைத் திறந்தார்கள். ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இப்போது தலைவலி இல்லை. இரண்டு பேரும் செந்தூர் அலையின் அறையில் இருக்கிறோம்.

பேஸ்மென்ட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. ஏன் இல்லை என்று வீரர்கள் கேட்டார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

இரவுப்பணி
டிசம்பர் 12, காலை 8.00

தம்பி, ஒரு வாரம் கவனமாக இருங்கள். மறதி, தலைசுற்றல் வந்தால் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவர்களுக்கு: நம் ஒண்டாரியோ மாகாணத்தில் எரிவாயு சாதனமோ வீட்டோடு சேர்ந்த கராஜோ உள்ள வீட்டில் படுக்கை அறைக்குப் பக்கத்தில் இந்த அலாரம் இருப்பது சட்டம். நான்கு பீப், ஒரு இடைவெளி, மறுபடி நான்கு பீப் என்றால் வாயு. மூன்று மூன்றாக வந்தால் தீ. அரை நிமிடத்துக்கு ஒரு முறை சும்மா ஒரு பீப் வந்தால் பேட்டரி. சிலர் அந்த பீப் தொல்லை என்று கழற்றி டிராயரில் போடுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் வருடம் போட்டிருக்கும்.

மிசிசாகா தாய்
டிசம்பர் 12, காலை 10.40

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு மகள் பிறந்தபோது பேறுகாலம் பார்க்க ஊரில் இருந்து வந்த அம்மா, குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்ட வேண்டும் என்று கரித்துண்டு கேட்டார். வெளியே மைனஸ் 12, ஜன்னல் எல்லாம் அடைப்பு. கங்கு எரியும்போதும் இதே வாயுதான் வரும். ஊரில் முற்றமும் ஓட்டுக் கூரையும் காற்றோட்டமும் இருந்தன, இங்கே அறை டப்பா மாதிரி. அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனால் நான் விடவில்லை. குழந்தையின் தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டி, வெதுவெதுப்பான அறையில் வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் தைப் பொங்கல் வருகிறது. வெளியே பனி என்று கராஜுக்குள் கேஸ் அடுப்பு வைத்துக் கதவை இறக்கிவிட்டுப் பொங்குகிறவர்களை எனக்குத் தெரியும். கதவை முழுதாகத் திறந்து, வாசல் ஓரமாக வெளியில் வைத்துப் பொங்குங்கள். மிட்டன் போட்ட கையாலும் பானையைக் கிளறலாம்.

காரில் குழந்தையை வைக்கும்போது தடித்த ஸ்னோ சூட்டைக் கழற்றிவிட்டு பெல்ட் போடுங்கள். சூட்டோடு போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். பெல்ட்டுக்கு மேலே கம்பளியைப் போர்த்துங்கள்.

அடுப்படிக் குழாய்
டிசம்பர் 12, மாலை 6.30

தம்பி நலமாக இருப்பதைப் பார்த்து நிம்மதி. இன்று போன இரண்டு வீட்டிலும் முதல் வேலையாக அந்தக் குழாயைத்தான் பார்த்தேன். ஒரு வீட்டில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

குளிர்காற்று வருகிறது என்பது உண்மையான தொல்லை, அதற்கு வழி இருக்கிறது. குழாயின் நுனியைத் தரைவரை இறக்கி ஒரு வாளிக்குள் விட வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, வாளிக்குள் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். டாங்கு எரியத் தொடங்கி இழுக்கும்போது மட்டும் விளிம்பு தாண்டி வழியும். குழாய்க்கு வெளியே இன்சுலேஷன் உறை இருக்கட்டும், ஃபர்னஸ் அறைக் கதவுக்கு அடியில் வேண்டுமானால் தடுப்பு வையுங்கள். குழாய் வாயை மட்டும் தொடாதீர்கள். இந்த வேலையை உரிமம் உள்ள ஆள்தான் செய்ய வேண்டும்.

வீட்டுச் சுவரில் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அது புது வகை ஃபர்னஸின் மூச்சு. பனி கொட்டிய மறுநாள் அதைச் சுற்றி வாரிவிடுங்கள். பனியில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்யும் முன் சைலன்ஸர் வாயையும் பாருங்கள்.

கீழே 17 டிகிரி, மேலே வேர்க்கிறது என்றால் காற்றுப் பங்கீடு சரியில்லை. ஃபில்டர் தூசி அடைத்திருக்கலாம். பேஸ்மென்ட்டுக்குப் போகும் கிளைக் குழாயில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும், வெயில் காலத்தில் மூடியதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். கீழே சூடு வரும் ஓட்டையின் மேல் சூட்கேஸ் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

பருத்தித்துறையாள்
டிசம்பர் 12, இரவு 8.10

ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டை 21 டிகிரியாவது வைத்திருக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. தெர்மாமீட்டரைத் திகதியோடு படம் எடுத்து, முதலில் எழுத்தில் கேளுங்கள். நடக்காவிட்டால் 311க்கு அழையுங்கள், மாநகரத்தில் இருந்து வந்து பார்ப்பார்கள். பேஸ்மென்ட் என்றபடியால் உரிமை இல்லை என்று பயப்பட வேண்டாம். நாங்கள் அந்த நாளில் பயந்து பயந்து குளிரில் கிடந்தோம், நீங்கள் கிடக்கக் கூடாது.

பொருநைக்கரை
ஜனவரி 7, காலை 7.40

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன், அதனால் சுருக்கமாக.

அதே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். உரிமையாளர் ஆள் வைத்து டாங்கையும் குழாயையும் சரிபார்த்தார், நுனி இப்போது ஒரு நீல வாளிக்குள் இருக்கிறது. கையை வாளிக்குள் விட்டால் சில்லென்று இருக்கிறது, வெளியே எடுத்தால் தெரியவில்லை. பேஸ்மென்ட் கிளைக் குழாயின் கைப்பிடி அண்ணன் சொன்னது போல மூடித்தான் இருந்தது. திறந்ததும் மறுநாள் 20, இன்று 21. ஹீட்டர் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் இரண்டு அலாரம் வாங்கினேன், ஒன்று எங்களுக்கு, ஒன்று செந்தூர் அலைக்கு.

கட்டில் சட்டம் தெருவில் கிடைத்தது, மூட்டைப்பூச்சி இல்லை என்று பார்த்துத்தான் எடுத்தோம். அக்கா, இன்று விண்ட் சில் மைனஸ் 23. வேர்ஹவுஸ் கழிவறையில் முதுகைத் துடைத்துவிட்டு உலர்ந்த தேர்மலை மாற்றிக்கொண்டு வந்தேன். பஸ் 25 நிமிடம் தாமதம். காலில் மட்டும் கொஞ்சம் குளிர் இருந்தது, முதுகு நடுங்கவே இல்லை. அட்டைத் துண்டை மறந்துவிட்டேன், நாளைக்குப் பையில் வைக்கிறேன்.